முன்னால் போகிறவர்தான் மாட்டிக்கொள்வாரா?

கும்பகோணத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவருபவள் நான். இருசக்கர வாகனக் குழுக்களைப் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன, இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள் என்று ஆசிரியர் ஒரு கட்டைக் கையில் கொடுத்துவிட்டார். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். சிலர் எழுதியிருப்பதை அவர்கள் வீட்டார் படித்தால் எனக்குக் குடும்ப நீதிமன்ற வழக்குகள் வர ஆரம்பித்துவிடும்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மோட்டார் சைக்கிள் குழு நடத்துகிறோம். பதிவு பெற்ற சங்கம் இல்லை, வாட்ஸ்ஆப் குழுதான். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை போய், நாகப்பட்டினம் வந்து, காரைக்காலில் மதிய உணவு சாப்பிட்டு, தரங்கம்பாடி, மயிலாடுதுறை வழியாகத் திரும்பத் திட்டம். முப்பது வண்டிகள் வரலாம். "யாராவது விழுந்து செத்தால் ஏற்பாடு செய்த உன்னைத்தான் போலீஸ் பிடிக்கும்" என்று என் மாமனார் பயமுறுத்துகிறார். "எந்த விபத்துக்கும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல" என்று எல்லோரிடமும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மாமனார் சொன்னதில் பாதி உண்மை. போலீஸ் உங்களைத் தேடி வரும். வந்துவிட்டதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்.

கவனக்குறைவால் ஒருவருக்கு மரணம் விளைவித்தால் முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1). அதிகபட்சம் 5 ஆண்டு. தண்டனைதான் கூடியிருக்கிறது, குற்றத்தின் இலக்கணம் மாறவில்லை. யாருடைய அவசரமோ அலட்சியமோ மரணத்துக்கு நேரடிக் காரணமோ அவர்தான் குற்றவாளி. 1965-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த பம்பாய் வழக்கு ஒன்றை இன்றும் நாங்கள் எடுத்து வாதிடுகிறோம். பெயின்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள்கள் கிடந்த இடத்திலேயே நெருப்பு எரிய அனுமதித்தவர் நிர்வாகி. அவர் அனுமதித்திராவிட்டால் தீயே இல்லை. ஆனாலும் தீப்பிடித்ததற்கு நேரடிக் காரணம் ஒரு தொழிலாளி டர்பன்டைனை அவசரப்பட்டு ஊற்றியது என்று சொல்லி, 304ஏ-யிலிருந்து நிர்வாகியை நீதிமன்றம் விடுவித்தது. நெருப்பை அலட்சியமாகக் கையாண்ட சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டனை நின்றது.

ஆக, "நீ கூப்பிடாவிட்டால் அவன் வந்திருக்க மாட்டான்" என்ற ஒப்பாரி வீட்டு வாசலில் எழலாம். அதை மட்டும் வைத்து நீதிமன்றத்தில் தண்டனை வாங்கித் தர முடியாது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். அன்று சாலையில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. முன்வண்டியில் நீங்கள் நூறைத் தாண்டிப் போய்க்கொண்டு, "கூட்டத்தை விட்டுவிடாதே, பிடித்துக்கொள்" என்று பின்னால் வருகிறவர்களைத் தூண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு காத்திருக்கிறது. அபாயகரமாக ஓட்டுவது (184), குடித்துவிட்டு ஓட்டுவது (185) ஆகியவற்றுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் ஓட்டியவருக்குரிய அதே தண்டனை. குழு நடத்துகிறவர்களில் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டவரை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

குடி என்றதும் உங்கள் மதிய உணவு நினைவுக்கு வருகிறது. கடற்கரைச் சாலை காரைக்கால் வழியாகத்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் கிடைக்காத சாப்பாடு காரைக்காலில் என்ன கிடைக்கிறது? புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் பாட்டில் விலை என்ன என்று டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த இடத்தில் சாப்பாட்டு நேரத்தை வைத்து, திரும்பும்போது யார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்காமல் வண்டிகளைக் கிளப்பிவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கேட்பார். நானாக இருந்தாலும் கேட்பேன். சாப்பாட்டை நாகப்பட்டினத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பழக்கம். மார்ஷல் என்று பளபளக்கும் சட்டை போட்ட இருவர் முச்சந்தியில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, பஸ்ஸையும் டிராக்டரையும் காக்கவைத்து, தம் ஆட்களை வரிசையாக அனுப்புகிறார்கள். இந்த அதிகாரத்தை அவர்களுக்கு யார் கொடுத்தது? போக்குவரத்தை நிறுத்தும் உரிமை சீருடையில் இருக்கும் காவலருக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது நியாய சன்ஹிதாவின் 126-இல் வரும். பொது வழியில் தடை உண்டாக்குவது 285-இல் வரும். தண்டனை சிறியதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஒரு மொபெட்காரர் உங்கள் மார்ஷல் வண்டியில் மோதிக் கீழே விழுந்தால், விபத்தின் நேரடிக் காரணம் உங்கள் குழுவே என்று ஆகிவிடும். பம்பாய் வழக்கு அப்போது உங்களுக்கு உதவாது.

அடுத்தது பண விஷயம். இழப்பீட்டு வழக்கு குற்ற வழக்கைவிடத் தாராளமானது. கூட்டிச் செல்பவர் நியாயமான கவனம் எடுத்துக்கொண்டாரா என்பதே அங்கே கேள்வி. மீரட்டில் 2006-இல் நுகர்வோர் கண்காட்சி ஒன்று தீப்பிடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பந்தல் போட்டது ஒப்பந்தக்காரர், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று ஏற்பாட்டாளர்கள் வாதிட்டார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டில் 60 சதவீதத்தை ஏற்பாட்டாளர்கள் மீதும் 40 சதவீதத்தை மாநில அரசு மீதும் வைத்தது. கண்காட்சியும் சவாரியும் ஒன்றல்ல. உங்கள் ஆட்கள் வயது வந்தவர்கள், சொந்த வண்டியைத் தாமே ஓட்டுகிறவர்கள். ஆகவே உங்கள் பொறுப்பு அதைவிடக் குறைவு. வழியைத் தேர்ந்தது, நேரத்தைத் தேர்ந்தது, வேகத்தைத் தீர்மானித்தது, யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்தது ஆகிய நான்கிலும் நீங்கள் அலட்சியமாக இருந்தீர்களா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இப்போது ஸ்டாம்ப் பேப்பர். அதன் மீது நம் ஊருக்கு உள்ள பக்தி அலாதியானது. 20 ரூபாய்த் தாளில் எழுதிவிட்டால் எமனும் ஏற்றுக்கொள்வான் என்று நினைக்கிறார்கள். குற்ற வழக்கு அரசு நடத்துவது. உங்கள் நண்பர் கையெழுத்துப் போட்டு அதைத் தள்ளுபடி செய்ய முடியாது. சவாரியில் மோதுண்ட பாதசாரி உங்கள் தாளில் கையெழுத்தே போடவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து செல்லாது. வயது வந்த உறுப்பினர் விஷயத்தில்கூட, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் இயல்பாக உள்ள ஆபத்துக்கு அவர் சம்மதித்தார் என்று சொல்லலாமே தவிர, உங்கள் அலட்சியத்துக்கும் சேர்த்துச் சம்மதித்தார் என்று நீதிமன்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது கடினம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டி, பொது நலனுக்கு விரோதமான நிபந்தனை என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

ஒரு தாள் வாங்கத்தான் வேண்டும், அது வேறு தாள். ஓட்டுநர் உரிமம் எதுவரை, காப்பீடு எதுவரை, எந்த வகைக் காப்பீடு, ரத்த வகை, வீட்டில் யாரை அழைப்பது ஆகியவற்றை எழுதி வாங்கி, உரிமத்தையும் பாலிசியையும் கண்ணால் பாருங்கள். வழியில் என்னென்ன ஆபத்து என்று அதே தாளில் எழுதிக் கொடுங்கள். தை மாதம் என்றால் சம்பா அறுவடை நேரம். சாலையில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும். அறுவடை இயந்திரம் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வரும். அறுத்த வயலில் மேய்வதற்காக வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆற்றங்கரைச் சாலைகளில் காலைப் பனி எட்டு மணி வரை விலகாது. இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னீர்கள், முதல் நாள் ஒருவர் போய் வழியைப் பார்த்து வந்தார் என்பதற்குச் சான்று இருந்தால், அலட்சியம் என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடும்.

முப்பது வண்டிகளையும் ஒரே வரிசையாக ஓட்டாதீர்கள். ஆறு, ஏழு பேராகப் பிரித்து, பத்து நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். அடுத்து எங்கே கூடுவது என்று இடம் சொல்லிவிட்டால் ஒருவரை ஒருவர் துரத்த வேண்டியதில்லை. ஊர்வலம் போலத் தோன்றினால் காவல்துறைச் சட்டத்தின் 30(2) அமலில் உள்ள நாளில் அனுமதி கேட்பார்கள். சிறு சிறு குழுவாகப் போனாலும், புறப்படும் ஊரின் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்கிவைப்பது நல்லது.

சங்கமாகப் பதிவு செய்தால் பாதுகாப்பா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதியலாம். சங்கத்தின் கடனுக்குச் சங்கம் பதில் சொல்லும். சாலையில் நீங்கள் செய்த தவறுக்கு நீங்கள்தான்.

கேள்வி: எங்கள் சவாரிக்குத் தலைக்கு 600 ரூபாய் வாங்குகிறோம். காலை உணவு, டி-சர்ட், சான்றிதழ். மீதி ஏதாவது நின்றால் எனக்கு. வண்டி இல்லாதவர்களுக்கு நண்பர்களின் வண்டியை நாள் வாடகைக்கு ஏற்பாடு செய்து தருகிறேன். இதில் ஏதாவது சிக்கல் உண்டா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு சிக்கல்கள். ஒன்று நடுத்தரம், ஒன்று பெரியது.

காசு வாங்காமல் செய்யும் சேவை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. செலவைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டுக்கொண்டால்கூட, நண்பர்கள் சேர்ந்து போனோம் என்று வாதிட இடம் உண்டு. "மீதி எனக்கு" என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நீங்கள் சேவை விற்பவர், அவர்கள் நுகர்வோர். விழுந்து காலொடிந்தவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனுப் போடலாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று உங்கள் நிபந்தனைத் தாளை எதிர்க்கவும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. லாபம் வேண்டும் என்றால் தொழிலாகச் செய்யுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுங்கள், பங்கேற்பவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுங்கள், அந்தச் செலவை 600-இல் சேருங்கள். லாபம் வேண்டாம் என்றால் கணக்கை எழுதிக் குழுவில் போட்டுவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

பெரிய சிக்கல் வாடகை வண்டி. வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு விட முடியாது. வாடகை மோட்டார் சைக்கிளுக்கு 1997-ஆம் ஆண்டே மத்திய அரசு தனித் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி உரிமம் பெற்றவர்களின் வண்டியில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிட மோசம், சொந்த வண்டியின் பாலிசியில் "வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தினால் செல்லாது" என்று அச்சடித்திருப்பது. வாடகைக்குப் போன வண்டி ஒருவரை அடித்துப்போட்டால், கடைசியில் பணம் கட்டப் போகிறவர் வண்டியைக் கொடுத்த உங்கள் அப்பாவி நண்பர். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: குழுச் சவாரியில் என் நண்பன் என் பின்னால் உட்கார்ந்து வந்தான். டிராக்டர் சக்கரத்திலிருந்து விழுந்த சேற்றில் என் வண்டி சறுக்கி, அவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. வேறு வண்டி எதுவும் மோதவில்லை. நண்பனின் அப்பா என்னிடம் 4 லட்சம் கேட்கிறார். என் வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது. அது கொடுக்காதா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். "பேக்கேஜ்" என்று இருக்கிறதா, "லயபிலிட்டி ஒன்லி" என்று இருக்கிறதா? இந்த ஒரு சொல்லில்தான் உங்கள் 4 லட்சம் நிற்கிறது.

"லயபிலிட்டி ஒன்லி", அதாவது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால், இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் இலவசமாக வந்தவருக்கு அது பொருந்தாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்தச் சேதக் காப்பீடும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் பின்னிருக்கைக்காரரும் அதற்குள் வருவார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இலேயே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இதில் பல இளைஞர்கள் அறியாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஷோரூமில் அதோடு ஓராண்டுக்கான சொந்தச் சேதக் காப்பீட்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். முதல் ஆண்டு முடிந்ததும் சேர்த்துக் கொடுத்தது காலாவதியாகிவிடும். "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நம்பிக்கொண்டிருப்பவர் கையில் மிஞ்சுவது மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தான். உங்களுடையது எந்த ஆண்டு வண்டி என்று நீங்கள் எழுதவில்லை.

காப்பீடு பொருந்தாவிட்டால், உங்கள் நண்பர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. எனப்படும் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்து, வண்டியின் உரிமையாளரும் ஓட்டியவருமான உங்கள் மீதே உத்தரவு வாங்க முடியும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தொகை எவ்வளவு என்பதைச் சிகிச்சைச் செலவு, ஊனத்தின் சதவீதம், வருமான இழப்பு ஆகியவை தீர்மானிக்கும். நண்பரின் அப்பா வாயில் வந்தது தொகை ஆகாது. மருத்துவமனை ரசீதுகளைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். மறுபக்கம், நண்பனை மருத்துவமனையில் போய்ப் பார்க்காமலும் இருக்காதீர்கள். என்னிடம் வரும் நண்பர்கள் வழக்கில் பல, விழுந்தவனைப் பார்க்க ஓட்டியவன் போகாத கோபத்தில் போட்டவை.

டிராக்டரும் மோட்டார் வாகனம்தான். வயலிலிருந்து ஏறிச் சாலை நெடுகச் சேற்றை உதிர்த்துவிட்டுப் போனதை நேரில் பார்த்த சாட்சி இருந்தால், அதன் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வாதம் உண்டு. எந்த டிராக்டர் என்றே தெரியாவிட்டால் அந்த வாதமும் சேற்றோடு போயிற்று.

உங்களுக்குக் காயம் பட்டிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உரிமையாளரே ஓட்டும்போது பொருந்தும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. ஆஸ்பத்திரிச் செலவு அதில் வராது.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. கல்லூரி முதலாண்டு. அவன் அப்பாவின் 200 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு கல்லணைக்குப் போகும் குழுவில் சேர்ந்துவிட்டான். "மெதுவாகத்தான் போவோம் ஆன்ட்டி" என்கிறார் குழுத் தலைவர். இவரும் "பையன் ஆசைப்படுகிறான்" என்கிறார்.
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, இந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

ஐயா, மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு 2019-இல் வந்தது. பதினெட்டு நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் வண்டி உரிமையாளருக்கு அல்லது பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தப்பலாம். உங்கள் மனைவி எழுதிய கடிதமே நீங்கள் தெரிந்துதான் கொடுத்தீர்கள் என்கிறது. அவன் யார் மீதாவது மோதினால், காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடமிருந்து வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கும். அது நிலத்தை விற்க வேண்டிய தொகையாகவும் இருக்கலாம்.

குழுத் தலைவருக்கும் சேதி உண்டு. உரிமத்தைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டது அலட்சியம் இல்லை என்று வாதிட என்னிடம் வந்துவிடாதீர்கள்.

கேள்வி: குறுவை அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திருப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு பக்கமாகக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தேன். வரிசையாக வந்த மோட்டார் சைக்கிள்களில் ஒன்று சறுக்கி விழுந்து, ஓட்டிய பையனுக்குக் கை முறிந்தது. அவர்கள் குழுத் தலைவர் 2 லட்சம் கேட்கிறார், இல்லாவிட்டால் போலீஸ் என்கிறார். இங்கே எல்லோரும் அப்படித்தான் காயவைக்கிறோம்.
— ஒரு விவசாயி, நீடாமங்கலம் பக்கம்

பதில்: ஐப்பசி மழை தலைக்கு மேல் நிற்கும்போது 17 சதவீதம் என்று கருவியைக் காட்டினால் விவசாயி எங்கே போவார்? ஊருக்கு ஊர் போதிய களம் இல்லை. என் சித்தப்பாவும் சாலையில்தான் காயவைக்கிறார். இந்த அனுதாபம் எல்லாம் எனக்கு உண்டு, நீதிபதிக்கும் இருக்கலாம். ஆனால் "எல்லோரும் செய்கிறோம்" என்பது எதிர்வாதமாக நிற்காது. பொது வழியில் பிறருக்கு ஆபத்தோ தடையோ உண்டாக்கியதற்கு நியாய சன்ஹிதாவின் 285-இல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. காயம் பட்டிருப்பதால், அலட்சியத்தால் பிறரைக் காயப்படுத்துவதற்கான 125-ஐயும் சேர்க்கலாம்.

அதற்காக 2 லட்சத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை. குழுத் தலைவருக்கு உங்களிடம் கேட்க எந்த உரிமையும் இல்லை. கேட்க வேண்டியவர் கை முறிந்தவர். அவரும் விபத்துத் தீர்ப்பாயத்தில் உங்கள் மீது கேட்க முடியாது, நீங்கள் வண்டி ஓட்டவில்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே அவருடைய பங்கு என்ன என்ற கேள்வி வரும். பட்டப்பகலில் மஞ்சளாக விரித்துக் கிடக்கும் நெல் எப்படிக் கண்ணில் படவில்லை? முன்வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனதால் பட்டிருக்காது. நெருக்கமாக வரிசை கட்டிப் போகும் குழுக்களில் முதல் ஆள் மட்டுமே சாலையைப் பார்க்கிறார், மற்றவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்க்கிறார்கள். இடைவெளி விடாமல் ஓட்டியது அவருடைய அலட்சியம். அந்த அளவுக்கு இழப்பீடு குறையும். அப்படி ஓட்டவைத்த தலைவர் பஞ்சாயத்துப் பேசுவதற்கு முன் தன் நிலையை யோசித்துக்கொள்ளட்டும்.

சமரசமாகப் போவதென்றால் காயம்பட்டவரோடு நேரடியாகப் பேசி, ரசீதுகளைப் பார்த்து, எழுத்தில் முடியுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொல்லாதீர்கள்.

கல் வைப்பதை விட்டுவிடுங்கள். நெல்லில் சறுக்கினால் கை உடையும், இருட்டில் கல்லில் ஏறினால் உயிர் போகும். அப்போது 106(1) உங்கள் மீதும் பாயலாம். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை முன்னும் பின்னும் நட்டு, பொழுது சாயும் முன் அள்ளிவிடுங்கள். வளைவிலும் பாலம் ஏறும் இடத்திலும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து தரங்கம்பாடிக் கோட்டைக்கு முதலில் வருபவருக்கு ஹெல்மெட் பரிசு என்று குழுவில் ஒருவர் அறிவித்தார். நான் அட்மின் மட்டும்தான், எனக்கு என்ன?
— ஒரு வாசகர், திருவையாறு

பதில்: பிறர் போட்ட பதிவுக்கு அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொன்னது உண்மை. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கிளம்பும் நேரத்தை நீங்கள் போட்டீர்களா இல்லையா? அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். பங்கெடுப்பவரோடு, அனுமதிப்பவரையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே சேர்க்கிறது. 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம்.

பாலிசியின் விலக்குப் பட்டியலையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்த பந்தயம், பேஸ் மேக்கிங் (முன்னால் ஓட்டி வேகம் காட்டுவது), வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரையல் (வண்டி தாங்குமா என்று பார்க்கும் ஓட்டம்) என்று வரிசையாக இருக்கும். பரிசு அறிவித்த வாட்ஸ்ஆப் செய்தியின் படம் ஒன்று கிடைத்தால் போதும், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்குரைஞருக்கு அன்று தீபாவளி.

கேள்வி: சவாரியில் ஒருவர் விழுந்தால், தூக்கப் போன எங்களையும் வழக்கில் இழுப்பார்களா? பயத்தில் பாதிப் பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்.
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: உதவி செய்தவரை இழுக்க முடியாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும், நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ கூடாது என்கின்றன. பெயரைச் சொல்லும்படியோ சாட்சி ஆகும்படியோ கட்டாயப்படுத்தவும் கூடாது. ஒரே குழுவில் வந்தவர் என்பதால் இந்தப் பாதுகாப்பு போய்விடாது. மோதிய வண்டியை ஓட்டியவருக்கு மட்டும் வேறு விதி: காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் 134-ஆம் பிரிவின்படி அவர் கடமை.

108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகள் பணம் கேட்கக் கூடாது. 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. விழுந்த இடம் காரைக்கால் எல்லைக்குள் இருந்தால் எஃப்.ஐ.ஆர். புதுச்சேரிக் காவல்துறையிடம், இழப்பீட்டு மனுவை விழுந்தவர் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்களை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள்.